குசினிச் சுவரில் சிலந்தி இருந்தால் எனக்குக் கால் நகராது

கேள்வி:

வணக்கம் டொக்டர். எனக்கு 36 வயது. சாம்பல்தீவில் இருக்கிறோம். ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கும் ஆசிரியை. சின்ன வயதிலிருந்தே எனக்குச் சிலந்தி என்றால் ஆகாது. ஆனாலும் எப்படியோ சமாளித்துக்கொண்டு வந்தேன். போன வருடம் சம்பூரில், நெடுங்காலம் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த எங்கள் பழைய வீட்டின் ஓட்டைப் பிரிக்கும்போது தம்பியின் கையில் புலிமுகச் சிலந்தி கடித்துவிட்டது. அவன் வலியில் துடித்ததையும், அடுத்த நாள் காலும் முதுகும் பிடித்து இழுத்ததையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. குசினிக்குள் போகுமுன் கணவர் டோர்ச் அடித்துப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல வேண்டும். இரவில் மலசலகூடத்துக்குத் தனியே போவதில்லை. சிலந்தி கடித்துச் சதை அழுகிப்போன அமெரிக்கக் காணொளிகளை யூடியூப்பில் பார்த்துவிட்டு விடிய விடிய முழித்திருக்கிறேன். இப்போது ஆறு வயது மகளும் சிலந்தியைக் கண்டால் வீறிடுகிறாள். வீடு முழுக்க மருந்து அடித்தால் சரியாகுமா? எனக்கு விசர் பிடித்துவிட்டதா? இன்னொன்று: சீனி வருத்தம் உள்ள என் அம்மாவின் காலில் இரண்டு கிழமையாக ஒரு புண், மேலே கறுத்த பொருக்கு. அதுவும் சிலந்தி கடிதான் என்று அயலில் சொல்கிறார்கள். மாமி பார்வை பார்ப்பிக்கச் சொல்கிறார்.

— வாசகி, சாம்பல்தீவு

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுக்கிறேன். அம்மாவின் காலை நாளைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்க வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவரின் காலில் இரண்டு கிழமையாக ஆறாத புண் என்றால், அதற்கு என்ன காரணம் இருந்தாலும் அது அவசரம்தான்.

அம்மாவைச் சிலந்தி கடித்ததை யாராவது பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. கறுத்த பொருக்குள்ள புண்ணைக் கண்டதும் சிலந்தியின் தலையில் பழியைப் போடுவது நம் ஊரில் மட்டுமல்ல, எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். உண்மையில் அந்தப் புண்ணுக்கு வேறு காரணங்கள் இருக்கக்கூடும். சாதாரணக் கிருமித் தொற்றாக இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்: பற்றைக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல வலியில்லாத கறுப்புப் பொருக்கு வரும், கூடவே காய்ச்சல், தலையிடி. அதற்கு டொக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை நன்றாக வேலை செய்யும், ஆனால் தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும். மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மானியாசிஸும் இலங்கையில் இருக்கிறது. அது வலிக்காமல் மாதக்கணக்கில் கிடக்கும் புண். ‘சிலந்தி கடி’ என்று பேர் வைத்துவிட்டால் இவை ஒன்றையும் யாரும் தேடமாட்டார்கள். எனக்குப் பயம் அதுதான். மாமியின் மனம் நோகாமல் பார்வையும் பார்ப்பியுங்கள், திருநீறும் போடுங்கள். அது வைத்தியசாலைக்குப் போய் வந்த பிறகு நடக்கட்டும். புண்ணில் சுண்ணாம்பு, பச்சிலை, சுட்ட எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். காய்ச்சல் இருந்ததா, எப்போது தொடங்கியது, விறகு பொறுக்கவோ பற்றை வெட்டவோ போனாரா என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

2002இல் அவுஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு வெளியானது. சிலந்தி கடித்த 750 பேர். ஒவ்வொருவரும் கடித்த சிலந்தியையே பிடித்துக் கொடுத்திருந்தார்கள், அதை நிபுணர்கள் இனம் கண்டார்கள். அந்த 750 பேரில் ஒருவருக்குக்கூடச் சதை அழுகிய புண் வரவில்லை. சிலந்திக்குப் பேர்போன நாட்டிலேயே நிலைமை இது.

நீங்கள் யூடியூப்பில் பார்த்தது அநேகமாகப் ‘பிரவுண் ரெக்லூஸ்’ என்ற சிலந்தியைப் பற்றிய காணொளியாக இருக்கும். அதன் கடியால் சிலருக்குத் தோல் அழுகுவது உண்மைதான். பலருக்கு அந்த அளவுக்குப் போவதில்லை. அது அமெரிக்காவின் மத்திய, தெற்கு மாநிலங்களைச் சேர்ந்தது. அங்கே கான்சஸ் மாநிலத்தில் 2001இல் நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 பிரவுண் ரெக்லூஸ் சிலந்திகளைப் பிடித்தார்கள். அந்த வீட்டில் ஒரு குடும்பம் வருடக்கணக்காக வாழ்ந்து வந்தது. ஒருவரையும் ஒரு சிலந்தியும் கடித்ததாகத் தெரியவில்லை. இதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை. ஒரே கூரையின் கீழ் ஆளும் சிலந்தியும் இருந்தாலே கடி நிச்சயம் என்றுதான் உங்கள் மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குப் பிழை. சிலந்திக்கு நாம் இரை அல்ல. அதன் நஞ்சு பூச்சி பிடிப்பதற்குத்தான். நசுக்கினால், கையால் அழுத்தினால், ஒளிந்திருக்கும் இடத்தைப் பிரித்தால், வேறு வழியில்லாமல் கடிக்கும்.

உங்கள் தம்பிக்கு நடந்ததும் இதுதான். அவர் ஓட்டுக்கும் சிலாகைக்கும் நடுவில் கை வைத்திருப்பார், அது அங்கே பகல் முழுக்க ஒடுங்கிக் கிடந்திருக்கும். புலிமுகச் சிலந்தி முதிர்ந்த மரப் பொந்துகளில் வாழும் பிராணி. காடு குறையக் குறைய, பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடங்களுக்குள் ஒதுங்குகிறது. மாங்குளத்தில் ஊரார் அடித்துக் கொன்று கொண்டுவந்து கொடுத்த ஒரு சிலந்தியிலிருந்து தொடங்கி, 2012இல் இந்த வகையில் ஒரு புதிய இனத்தையே நம் நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். காலை விரித்தால் கிட்டத்தட்ட 20 சென்ரிமீற்றர், ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு. அது அங்கே வைத்தியசாலை வளவிலும் இருந்தது. இந்தப் பேரினம் உலகத்திலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. வெளிநாட்டில் செல்லப்பிராணியாக வளர்க்க இதைக் கடத்துகிறார்கள் என்பதால், 2019இல் வனசீவராசிகள் வர்த்தகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலிலும் சேர்த்தார்கள். சீண்டினால் முன்காலைத் தூக்கி அடியில் உள்ள மஞ்சள் பட்டையைக் காட்டும். ‘கிட்ட வராதே’ என்று அது சொல்லும் விதம் அது. தம்பிக்கு அதைப் பார்க்க நேரம் கிடைத்திருக்காது.

இந்தக் கடி சின்ன விடயம் இல்லை. கடித்த இடத்தில் கடும் வலி, வீக்கம். அதைவிட ஆளைக் குழப்புவது பிறகு வரும் தசைப்பிடிப்பு. பல மணித்தியாலம் கழித்து, சிலருக்கு மறுநாள், கடித்த கையோடு சம்பந்தமே இல்லாத காலிலும் முதுகிலும் பிடித்து இழுக்கும். வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். விட்டு விட்டு நாட்கணக்கில், சிலருக்குக் கிழமைக்கணக்கில்கூட அந்தப் பிடிப்பு வந்து போகும். நீங்கள் பார்த்தது அச்சு அசலாக இதைத்தான். ‘நஞ்சு உடம்பு முழுக்க ஏறுகிறது, தம்பி கைவிட்டுப் போகப் போகிறான்’ என்று அந்த நேரம் உங்களுக்குத் தோன்றியிருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இந்தச் சிலந்தி கடித்து ஒருவர் இறந்ததாக மருத்துவ இலக்கியத்தில் உறுதியான பதிவு இல்லை. இதற்கென்று தனி நஞ்சுமுறி மருந்தும் இல்லை, தேவைப்படுவதும் இல்லை. வலிக்கு மருந்து, பிடிப்புக்கு மருந்து, ஒருநாள் இரண்டுநாள் கண்காணிப்பு, அவ்வளவுதான். வைத்தியசாலையில் தம்பிக்குப் பாம்புக்குப் போடும் மருந்தைப் போடவில்லையே என்று யாராவது கேட்டால், அது நாகம், விரியன் போன்ற பாம்புகளின் நஞ்சுக்கு மட்டும் செய்தது, சிலந்திக்கு அது உதவாது என்று சொல்லுங்கள்.

கறுப்பு விதவை என்று ஊரெல்லாம் பயப்படும் சிலந்தியின் இனத்திலும் ஒன்று நம் நாட்டில் உண்டு. சிறியது, கறுப்பு, முதுகில் சிவப்பு. கல்லுக்கடியிலும் காய்ந்த மரக்கட்டைக்கடியிலும் இருக்கும். அது கடித்தாலும் முக்கியமாக வலி, வியர்வை, வயிறும் காலும் இறுகிப் பிடிப்பதுதான். உலகத்திலேயே ஆளைக் கொல்லக்கூடியது என்று பேரெடுத்த அவுஸ்திரேலியச் சிட்னிச் சிலந்திக்கு 1981இல் நஞ்சுமுறி வந்தது. அதற்கு முன் பதிவான மரணங்கள் 13. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அந்தச் சிலந்தி இலங்கையில் இல்லை.

இனி ஒருநாள் வீட்டில் யாரையாவது சிலந்தி கடித்தால்: சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மோதிரம், காப்பு இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள், வலிக்குப் பனடோல் கொடுங்கள். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிறு கட்டுவது, சுடுவது எல்லாம் வேண்டாம். முடிந்தால் சிலந்தியைப் படம் எடுங்கள், செத்திருந்தால் போத்தலில் போட்டுக் கொண்டு போங்கள். வலி கூடிக்கொண்டே போனாலோ, வியர்த்தாலோ, சத்தி வந்தாலோ, எங்காவது பிடித்து இழுத்தாலோ வைத்தியசாலை. முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். சிறுபிள்ளை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் ஒன்றும் பார்க்காமல் நேரே போய்விடுங்கள்.

சிலந்தியைவிட எனக்கு அதிகக் கவலை தரும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரவில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கும்போது ‘ஏதோ பூச்சி கடித்தது’ என்று எழுந்து, தடத்தைத் தேடிப் பார்த்து, ஒன்றும் தெரியாமல் திரும்பவும் படுப்பவர்கள் உண்டு. கட்டுவிரியன் கடி அப்படித்தான் இருக்கும். வலி இல்லை, வீக்கம் இல்லை, பல் பதிந்த இடம்கூடச் சரியாகத் தெரியாது. பிறகு வயிற்றுவலி வரும், கண்ணிமை கீழே விழும், பேச்சுக் குழறும், மூச்சு நிற்கும். ஆகவே இரவில், நிலத்தில், கடித்ததைக் கண்ணால் காணவில்லை என்றால், அதைச் சிலந்தி என்றோ பூச்சி என்றோ முடிவு கட்ட வேண்டாம். அந்த நேரமே வைத்தியசாலைக்குப் போங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் ‘பயந்தாங்கொள்ளி’ என்று யார் சொன்னாலும் பரவாயில்லை. முடிந்தால் கட்டிலில் படுங்கள், நுளம்பு வலையை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். அது பாம்பு, மட்டத்தேள், சிலந்தி எல்லாவற்றுக்கும் தடுப்பு.

சரி, இனி உங்களுக்கு வருவோம்.

உங்களுக்கு விசர் இல்லை. ஒரு குறிப்பிட்ட பொருளின்மேல் வரும் மிகைப்பயம் இது. மனநல வைத்தியத்தில் இதைவிடச் சாதாரணமான பிரச்சினை குறைவு. இதைவிட நன்றாகச் சுகமாகும் பிரச்சினையும் குறைவு. சின்ன வயதில் தொடங்குவதும், ஆண்களைவிடப் பெண்களில் அதிகம் காணப்படுவதும் வழமைதான். உங்களுக்கு அந்தப் பழைய பயத்தின் மேல் தம்பியின் வேதனையும் ஏறிவிட்டது.

இந்தப் பயத்தை இவ்வளவு நாள் உயிரோடு வைத்திருப்பது சிலந்தி இல்லை, ஓட்டம்தான். சிலந்தியைக் காண்கிறீர்கள், நெஞ்சு அடிக்கிறது, வெளியே ஓடுகிறீர்கள், உடனே ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் சிக்கல். ‘ஓடியதால்தான் தப்பினேன்’ என்று மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. ஓடாமல் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அறிய அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. நுண்கடன்காரருக்கு வட்டி மட்டும் கட்டுவது போல, அந்த மாதம் தப்பியது போல இருக்கும், முதல் அப்படியே நிற்கும். கணவரின் டோர்ச்சும் அந்த வட்டிதான். அவர் அன்பால்தான் செய்கிறார், எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் ‘ஒன்றுமில்லை’ என்று அவர் சொல்லும்போது, ‘இருந்திருந்தால் ஆபத்து’ என்பதும் கூடவே உறுதியாகிறது.

எல்லா முன்னெச்சரிக்கையையும் விடச் சொல்லவில்லை. நம் ஊரில் சப்பாத்தைத் தட்டிப் போடுவது, கொடியில் காய்ந்த உடுப்பை உதறி எடுப்பது, விறகு அடுக்குக்குள் வெறுங்கையை விடாமல் இருப்பது, இரவில் வெளியே போகும்போது காலடிக்கு வெளிச்சம் பிடிப்பது எல்லாம் புத்தி. ஓடு பிரிக்கும்போது தடித்த கையுறை போடுவதும் புத்தி, தம்பியிடம் சொல்லுங்கள். இவற்றை ஒருமுறை செய்தால் போதும், செய்ததும் மனம் வேலைக்குத் திரும்பிவிடும். குசினி முகட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, பார்த்த பிறகும் இன்னொருவரைப் பார்க்கச் சொல்வது, தலையைத் துவாயால் மூடிக்கொண்டு சமைப்பது, அன்றைக்குச் சமைக்காமலே விட்டுவிடுவது: இவைதான் பயம் செய்விக்கும் வேலைகள். எது எந்தப் பக்கம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நீங்கள் ஆசிரியை, இதை நன்றாகச் செய்வீர்கள்.

அதே கொப்பியின் அடுத்த பக்கத்தில் ஒரு படிவரிசை வேண்டும். நூறு என்றால் தாங்கவே முடியாத பயம், பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை. வகுப்பில் சிலந்திப் படம் கீறுவது உங்களுக்கு எத்தனை? புத்தகத்தில் நிறப்படம் பார்ப்பது எத்தனை? கைத்தொலைபேசியில் நடக்கும் சிலந்தியைப் பார்ப்பது? மூடிய போத்தலுக்குள் செத்தது? போத்தலுக்குள் உயிரோடு? அதே அறையில் சுவரில்? இருபது, முப்பதில் நிற்பதிலிருந்து தொடங்குங்கள். யூடியூப் அழுகல் காணொளிகள் இந்த வரிசையில் சேராது. அவற்றை இன்றோடு நிறுத்துங்கள்.

ஒவ்வொரு படிக்கும் போகுமுன், என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை ஒரு வசனத்தில் எழுதுங்கள். ‘பயமாக இருக்கும்’ என்று எழுதினால் போதாது. ‘அது என் முகத்தில் பாயும்’, ‘நான் மயங்கி விழுவேன்’, ‘என்னால் பத்து நிமிடம் நிற்க முடியாது’ என்று எழுதுங்கள். பிறகு நில்லுங்கள். பயம் ஏறும், ஏறட்டும். அதை அடக்கப் போராட வேண்டாம். கண்ணைத் திருப்பாமல் சிலந்தியையே பாருங்கள்: எத்தனை கால் தெரிகிறது, எந்தக் காலை முதலில் எடுக்கிறது, நிறம் எங்கே மாறுகிறது. முடிந்ததும் எழுதிய வசனத்தைத் திரும்ப வாசியுங்கள். அது நடந்ததா? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் மருந்து. மயக்கத்தைப் பற்றி ஒரு சொல்: இரத்தத்தையோ ஊசியையோ கண்டால் பயப்படுபவர்களுக்கு இரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வருவதுண்டு. சிலந்திப் பயத்தில் இதயம் வேகமாக அடிக்கும், அழுத்தம் ஏறும். அதனால் மயங்கி விழுவது மிக அரிது. அந்தப் படபடப்பு உடம்பு ஓடத் தயாராகும் சத்தம், மாரடைப்பு இல்லை.

ஒரே படியைப் பல நாள், பல இடத்தில் செய்யுங்கள். குசினியில் மட்டும் பழகினால் கிணற்றடியில் பயம் திரும்ப வரும். மாரி மழைக்குப் பூச்சிகள் வீட்டுக்குள் ஒதுங்க, பின்னாலேயே சிலந்தியும் வரும். அப்போது பயம் கொஞ்சம் தலைதூக்கினால் ‘எல்லாம் வீண்’ என்று நினைக்க வேண்டாம். பழைய பயம் அழிவதில்லை. அதற்குப் பக்கத்தில் புதிய பழக்கம் ஒன்று வளர்கிறது, பாவிக்கப் பாவிக்கத்தான் அது பலக்கும்.

உங்கள் குசினிச் சுவரில் நிற்பது அநேகமாகப் புலிமுகச் சிலந்தி இல்லை. மெல்லிய நீளக் கால்கள் நண்டுபோலப் பக்கவாட்டில் விரிந்த, தட்டையான, மண்ணிற உடம்பு என்றால் அது வீட்டுச் சிலந்தி. அது வலை பின்னாது. இரவில் இறங்கிக் கரப்பொத்தான் பிடித்துத் தின்னும். சில நாளில் வயிற்றுக்கு அடியில் வெள்ளைப் பொத்தான் போல ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரியும். அது தாய், தூக்கித் திரிவது முட்டைப் பை. திடீரென்று ஓடும், அதைவிடத் திடீரென்று நின்றுவிடும். அந்த ஓட்டம்தான் உங்களை உறைய வைக்கிறது என்று நினைக்கிறேன். ஓடும் திசையைக் கவனித்தால் தெரியும், அது இருட்டை, இடுக்கைத் தேடி ஓடுகிறது. உங்கள் பக்கம் வந்தாலும் உங்களை ஒரு மறைவாக எண்ணித்தான் வரும். கையால் பிடித்து அழுத்தினால் கடிக்கலாம், கொஞ்சம் வலிக்கும், பிறகு போய்விடும்.

படிவரிசையின் மேல் படி இதுவாக இருக்கட்டும்: காலியான ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று, தடித்த கலண்டர் அட்டை ஒன்று. சிலந்தி அசையாமல் நிற்கும்போது பெட்டியை மெதுவாக அதன்மேல் கவிழ்த்து, விளிம்பு சுவரோடு ஒட்டும்படி பிடியுங்கள். அட்டையைச் சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு பக்கமாகச் செருகுங்கள். கால் நசியாமல் மெல்ல மெல்லத் தள்ளுங்கள், அது தானே அட்டையின்மேல் ஏறிவிடும். அட்டையோடு சேர்த்துத் திருப்பி, வெளியே விறகுப் பக்கம் கொண்டுபோய்த் திறந்துவிடுங்கள். முதலில் கணவர் செய்ய நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பிறகு அட்டை உங்கள் கையில், பெட்டி அவர் கையில். பிறகு இரண்டும் உங்கள் கையில், அவர் வாசலில். கடைசியில் அவர் கடைக்குப் போயிருக்கும்போது. இடையில் எங்காவது அவர் பகிடி பண்ணினால் நான் கண்டித்ததாகச் சொல்லுங்கள்.

சுவீடனில் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் என்ற உளவியலாளர் 1989இல் இந்த முறையை ஒரே அமர்வில், கூடியது மூன்று மணித்தியாலத்தில் செய்து காட்டினார். வைத்தியர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு படியையும் முதலில் தான் செய்து, பிறகு வந்தவரைச் செய்யவைப்பார். வந்தவர்களில் பெரும்பாலானோர் உண்மையான சிலந்தியோடு பழகிவிட்டுத்தான் போனார்கள். வருடக்கணக்கில் இருந்த பயம் அப்படி இறங்கக்கூடியது. வீட்டில் தனியாகச் செய்தால் கிழமைக்கணக்கில் ஆகும், அதனால் என்ன? நித்திரைக் குளிசை, பதற்றக் குளிசை போட்டுக்கொண்டு இந்தப் படிகளைச் செய்ய வேண்டாம். அப்படிச் செய்தால் பெருமையெல்லாம் குளிசைக்குத்தான் போகும். நீங்கள் நின்றதை மூளை பதியாது.

மகளைப் பற்றி: ஆய்வுகூடத்தில் பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டால் பயமில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு வெருள்வதைப் பார்த்த பிறகு அவையும் வெருளத் தொடங்கின. 1980களில் சூசன் மினேக்கா என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த ஆய்வு இது. இதை உங்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தாள் என்றால், உங்கள் முகத்தைப் பார்த்தே தெளியவும் முடியும். பயமில்லாதது போல நடிக்கத் தேவையில்லை. ‘அம்மாவுக்கும் கொஞ்சம் பயம்தான், ஆனாலும் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம்’ என்று கையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நில்லுங்கள். சிலந்தியைக் கையால் தொடக்கூடாது என்ற ஒரு விதியை மட்டும் சொல்லுங்கள், அது எல்லாப் பிள்ளைக்கும் நல்ல விதி. ‘சாப்பிடாவிட்டால் சிலந்தி வரும்’ என்று யாரும் அவளை வெருட்ட இடம் கொடுக்காதீர்கள்.

மருந்து அடிப்பதை நான் விரும்பவில்லை. சிலந்தி உயரக் காலில் நடப்பதால் தரையில் அடித்த மருந்து அதன் உடம்பில் அதிகம் படாது. நேரே அடித்தால் சாகுமுன் கண்டபடி ஓடும், அது உங்களுக்கு இன்னும் மோசம். வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கலந்து வீட்டுக்குள் அடிக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. சிறுபிள்ளையும் சாப்பாட்டுச் சாமானும் உள்ள வீட்டில் அதைச் செய்யவே கூடாது, அந்த மருந்து எந்தச் சிலந்தியையும்விட ஆளைக் கொல்லும். கதவுக்கடி இடைவெளியை அடையுங்கள், விறகைச் சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள், இரவில் குப்பை வாளியை மூடுங்கள், வெளி விளக்கைத் தேவையில்லாமல் எரிய விடாதீர்கள். பூச்சி குறைந்தால் சிலந்தியும் குறையும்.

ஒரு மாதம் முயன்றும் முதல் இரண்டு படியைத் தாண்ட முடியவில்லை என்றாலோ, தம்பி துடித்த காட்சி கனவிலும் பகலிலும் திரும்பத் திரும்ப வந்தாலோ, பாடசாலைக்குப் போவதே சிரமமானாலோ தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். திருகோணமலை பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் மனநலப் பிரிவைக் கேளுங்கள், வழி காட்டுவார்கள்; அரச வைத்தியசாலை என்பதால் செலவு இல்லை. நேரே போகக் கூச்சமாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்து, தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள். எந்தப் படியில் நின்றுவிட்டீர்கள், அங்கே என்ன நடக்கும் என்று எழுதியிருந்தீர்கள் என்பதைப் பார்த்தால், உங்களைப் பார்க்கும் வைத்தியருக்கு அங்கிருந்தே தொடங்கலாம்.